மார்கனுக்குப் பட்டம், ராக்கமுக்குத் தூக்கு: ஜமைக்காவும் கடற்கொள்ளையரும்

"ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த ஜமைக்காவைக் கடற்கொள்ளையர் தீவு என்கிறார்களே, ஹென்றி மார்கன் கொள்ளைக்காரனா, கவர்னரா? அவரைத் தவிர அந்தத் தீவின் வரலாற்றில் யாரையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?" இதுதான் கேள்வி.

மார்கன் இரண்டுமாகவும் இருந்தார். அது எப்படிச் சாத்தியமானது என்று புரிய வேண்டுமென்றால் மார்கனிடமிருந்து தொடங்கக் கூடாது. அந்தத் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1655-ல் இங்கிலாந்தில் மன்னர் இல்லை, ஆலிவர் கிராம்வெல் ஆட்சி. கரீபியனில் ஸ்பெயினின் பிடியை உடைக்க வேண்டும் என்று பெரிய கடற்படை ஒன்றை அனுப்பினார். கப்பல்களுக்கு வில்லியம் பென், தரைப்படைக்கு ராபர்ட் வெனபிள்ஸ். (இந்தப் பென்னுடைய மகன்தான் பிற்காலத்தில் பென்சில்வேனியாவை நிறுவினார்.) அவர்கள் பிடிக்கப் போனது ஹிஸ்பானியோலா தீவை (இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும்). அங்கே படுதோல்வி. வெறுங்கையோடு ஊர் திரும்பினால் தலை தப்பாது என்று, பக்கத்தில் காவல் குறைவாகக் கிடந்த ஜமைக்காவில் மே மாதம் இறங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆறுதல் பரிசு மாதிரி கிடைத்த தீவு அது. கிராம்வெல்லுக்கு அந்தப் பரிசு போதவில்லை. ஊர் திரும்பிய இருவரையும் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்.

பிடித்தாயிற்று, வைத்துக்கொள்வது எப்படி? காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஸ்பானியத் தளபதி கிறிஸ்டோபல் டி இசாசி மலைக்குள் ஒளிந்துகொண்டு 1660 வரை போராடினார். அவருக்கு உயிர்நாடியாக இருந்தவர்கள், ஸ்பானியர்களிடமிருந்து விடுபட்டு மலையில் தங்கள் ஊர்களை அமைத்துக்கொண்ட கறுப்பின மக்கள். அவர்கள் பயிரிட்ட உணவும், அவர்களுக்குத் தெரிந்த காட்டு வழியும் இல்லாமல் இசாசியால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

அவர்களில் ஒரு பிரிவுக்குத் தலைவர் ஹுவான் லுபோலோ. ஹுவான் டி போலாஸ் என்றும் சொல்வார்கள். 1660-ல் ஆங்கிலேயர் அவருடைய ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் பேச்சு நடத்தி அவர்கள் பக்கம் வந்தார். அந்த நாளோடு ஸ்பெயினின் கதை ஜமைக்காவில் முடிந்தது. சில மாதங்களில் இசாசி படகேறிப் போய்விட்டார். 1663-ல் ஆங்கில அரசு லுபோலோவின் மக்களுக்கு நிலமும் விடுதலையும் உறுதி செய்து, அவரைக் கறுப்பினப் படைக்குக் கர்னலாக்கியது. அதன் பிறகு அவர் வெகுகாலம் உயிரோடு இல்லை. சமரசத்தை ஏற்காத மற்ற மலைவாசிகள் பதுங்கியிருந்து அவரைக் கொன்றார்கள். ஜமைக்கா யாருடையது என்பதைத் தீர்மானித்தவர்கள் பட்டியலில் என்னைக் கேட்டால் முதல் பெயர் இவருடையது. மார்கனைப் பற்றிப் பேசும் பத்தில் ஒன்பது பேர் இவரைச் சொல்வதே இல்லை. தீவின் நடுப்பகுதியில் ஒரு மலை மட்டும் இன்னும் அவர் பெயரோடு நிற்கிறது.

சரி, கொள்ளையருக்கு வருவோம். சுற்றிலும் ஸ்பெயினின் கியூபா, ஹிஸ்பானியோலா, பனாமா. நடுவில் ஜமைக்கா. தீவில் நிரந்தரக் கடற்படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கவர்னராக இருந்த எட்வர்ட் டாய்லி, ஹிஸ்பானியோலாவையும் டோர்டுகாவையும் சுற்றித் திரிந்த பக்கனீர்களைப் போர்ட் ராயல் துறைமுகத்துக்கு அழைத்தார். காட்டு மாடுகளை வேட்டையாடி, இறைச்சியைப் புகையில் வாட்டி, வரும் கப்பல்களுக்கு விற்றுப் பிழைத்தவர்கள் இந்தப் பக்கனீர்கள். இறைச்சி வாட்டும் பரணுக்குப் பெயர் பூக்கான், அதிலிருந்துதான் இந்தப் பெயர். ஸ்பானியர் அவர்களைத் துரத்தத் துரத்த, அவர்கள் ஸ்பானியக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். குறி தவறாமல் சுடுவார்கள், ஸ்பெயின் என்றாலே பகை, சம்பளம் கேட்க மாட்டார்கள். காசில்லாத ஒரு கவர்னருக்கு இதைவிட மலிவான படை கிடைக்குமா?

அவர்களுக்குக் கவர்னர் கொடுத்தது ஒரு காகிதம். "எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்க உனக்கு அனுமதி" என்று எழுதி முத்திரை வைத்த கடிதம். அது கையில் இருந்தால் நீங்கள் பிரைவட்டீர், அரசு அனுமதி பெற்ற போராளி. பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் காட்டி, (1660-ல் இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பியிருந்தது) மன்னருக்குப் பதினைந்தில் ஒரு பங்கும் கடற்படைத் தலைவருக்குப் பத்தில் ஒரு பங்கும் கட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். காகிதம் இல்லாமல் அதே கப்பலை அதே முறையில் பிடித்தால் தூக்கு. அடுத்த அறுபது வருட ஜமைக்காவை இந்தக் காகிதத்தை வைத்தே படித்துவிடலாம்.

1664-ல் கவர்னராக வந்த தாமஸ் மாடிஃபோர்டு பார்படோஸில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர். கொள்ளையரை அடக்கு என்று சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள். கொஞ்ச நாள் அடக்கியும் பார்த்தார். 1666 பிப்ரவரியில் அவருடைய ஆட்சிக் குழு கூடி, ஸ்பெயினுக்கு எதிராக அனுமதிக் கடிதம் கொடுப்பதே தீவுக்கு நல்லது என்று தீர்மானம் போட்டது. அதற்குச் சொன்ன காரணங்கள் கவனிக்க வேண்டியவை. கொள்ளைப் பொருள் வந்தால் சாமான் மலிவாகக் கிடைக்கும். வெள்ளியும் கோகோவும் தோலும் கொழுப்பும் தீவுக்கு வரும். கப்பல்காரர்களுக்கு உணவு விற்று ஏழை விவசாயி பிழைப்பான். தச்சனுக்கும் கொல்லனுக்கும் வேலை இருக்கும். நியூ இங்கிலாந்து வணிகர்கள் போர்ட் ராயலில் வந்து குடியேறுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அனுமதி மறுத்தால் இந்தப் பக்கனீர்கள் பிரெஞ்சுக்காரர் பக்கம் போய் நமக்கே எதிரியாவார்கள். ஒரு மளிகைக்கடைக் கணக்கு மாதிரி எழுதப்பட்ட இந்தத் தீர்மானத்தில்தான் கொள்ளை ஒரு குடியேற்றத்தின் பொருளாதாரமாக மாறியது.

அந்தக் கணக்கின் பெரிய வரவு ஹென்றி மார்கன்.

வேல்ஸ்காரர். அவருடைய சித்தப்பா எட்வர்ட் மார்கன் ஜமைக்காவின் துணை கவர்னராக வந்தவர். அவருடைய மகளையே ஹென்றி மணந்தார். 1668-ல் சுமார் 500 பேரோடு பனாமா கரையில் போர்டோபெலோவைத் தாக்கினார். பெருவின் வெள்ளி ஸ்பெயினுக்குக் கப்பலேறும் துறைமுகம் அது. கோட்டைப் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. மார்கன் பெரிய கப்பல்களைத் தூரத்தில் விட்டுவிட்டு, படகுகளில் இரவோடு இரவாகக் கரையை ஒட்டித் துடுப்புப் போட்டு வந்து, விடியும்போது தரை வழியாக ஊருக்குள் நுழைந்தார். ஊரை எரிக்காமல் விட 1,00,000 பெசோ (ஸ்பானிய வெள்ளிக் காசு) வாங்கினார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவரிடம் இருந்த கடிதம் கடலில் கப்பல் பிடிப்பதற்கானது. கரையில் எடுத்ததற்கு அதில் விதியே இல்லை, ஆகவே மன்னருக்குப் பங்கும் இல்லை. கரையேறிக் கொள்ளையடிப்பதில் அவருக்கு இருந்த ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

1669-ல் இன்றைய வெனிசுவேலாவில் உள்ள மரகைபோ ஏரி. அவரைச் சிறந்த தந்திரக்காரர் என்று சொல்ல இது ஒன்றே போதும். ஏரிக்குள் புகுந்து கொள்ளையடித்துவிட்டுத் திரும்பினால், குறுகலான வாயிலில் டான் அலோன்சோ டெல் காம்போவின் மூன்று போர்க்கப்பல்கள் நிற்கின்றன. பக்கத்தில் கோட்டை வேறு. மார்கன் ஒரு கப்பலில் தாரும் வெடிமருந்தும் நிரப்பினார். மரக்கட்டைகளுக்குத் தொப்பி மாட்டி மேல்தளத்தில் ஆட்கள் நிற்பது போல நிறுத்தினார். அதுதான் தலைமைக் கப்பல் என்று நம்பும்படி கொடி கட்டி, ஸ்பானியத் தளபதியின் கப்பல் மேல் மோதவிட்டார். அது எரிந்தது, இன்னொன்றை ஸ்பானியரே கரையில் மோதவிட்டு எரித்தார்கள், மூன்றாவது பிடிபட்டது.

கோட்டை மிச்சம். பகல் முழுக்க அவருடைய படகுகள் ஆட்களை நிரப்பிக்கொண்டு கரைக்குப் போவதும் காலியாகத் திரும்புவதுமாக இருந்தன. கோட்டையிலிருந்து பார்த்தவர்கள் இரவில் தரை வழித் தாக்குதல் வருகிறது என்று பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்பினார்கள். உண்மையில் கரைக்குப் போன ஆட்கள் திரும்பும்போது படகின் அடியில் படுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. இரவில் நங்கூரத்தைத் தூக்கிவிட்டு, நீரோட்டம் இழுத்த பக்கம் கப்பல்களை விட்டு, கோட்டையைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது நமக்கும் உற்சாகம் வருகிறது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பது நல்லது. ஊர்க்காரர்களைச் சித்திரவதை செய்து பணம் ஒளித்த இடத்தைச் சொல்ல வைப்பது இந்தப் படையெடுப்புகளில் வழக்கம். அகப்பட்ட கறுப்பின மக்களும் பங்கில் சேர்ந்த பொருள்தான். பக்கனீர்களின் ஒப்பந்தத்தில் வலது கை போனவனுக்கு 600 வெள்ளிக் காசு அல்லது ஆறு அடிமைகள், இடது காலுக்கு 400 அல்லது நான்கு அடிமைகள், ஒரு கண்ணுக்கு 100 அல்லது ஓர் அடிமை என்று இழப்பீடு எழுதியிருந்தது. உலகின் முதல் காப்பீடு, கொள்ளையரின் ஜனநாயகம் என்று இதை இன்று பலர் வியந்து எழுதுகிறார்கள். பட்டியலில் இருக்கும் இன்னொரு நாணயம் மனிதர்கள் என்பதை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

1671 ஜனவரியில் பனாமா. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காட்டு வழியே பட்டினி கிடந்து நடந்து போய் நகரைப் பிடித்தார்கள். ஸ்பானியர் ஒரு மாட்டு மந்தையை இவர்கள் மேல் விரட்டிவிட்டுப் பார்த்தார்கள். துப்பாக்கிச் சத்தத்தில் மாடுகள் சிதறிப் போயின. நகரம் எரிந்தது. செல்வத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கப்பலேறிப் போயிருந்தது. ஆளுக்குக் கிடைத்தது சொற்பம். மார்கன் ஏமாற்றிவிட்டார் என்று கூடவந்தவர்களே குமுறினார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், 1670 ஜூலையிலேயே இங்கிலாந்தும் ஸ்பெயினும் மாட்ரிட்டில் சமாதானம் செய்துகொண்டிருந்தன. ஜமைக்கா ஆங்கிலேயருடையது என்று ஸ்பெயின் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அது. அதன் பிறகு நடந்த தாக்குதலுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே. மாடிஃபோர்டைக் கைது செய்து லண்டன் கோபுரத்துக்கு அனுப்பினார்கள். 1672-ல் மார்கனையும் அனுப்பினார்கள்.

அப்புறம் நடந்தது ஸ்பெயினுக்குப் பிடித்திருக்காது. மார்கன் மேல் வழக்கே நடக்கவில்லை. 1674-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ் அவருக்குச் சர் பட்டம் கொடுத்து, துணை கவர்னராகத் தீவுக்கே திருப்பி அனுப்பினார். மாடிஃபோர்டும் திரும்பி வந்து தலைமை நீதிபதியானார். கவர்னர் இல்லாத காலங்களில் மார்கனே தீவை ஆண்டார். கரும்புத் தோட்டம் போட்டார், நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். காகிதமில்லாத கொள்ளையர்களைப் பிடித்துத் தண்டிக்கவும் செய்தார்.

அவர் மிகவும் கோபப்பட்டது ஒரு புத்தகத்தின் மேல். எக்ஸ்கமெலின் என்ற அறுவை மருத்துவர் பக்கனீர்களோடு போயிருந்தவர். அவர் டச்சு மொழியில் எழுதியது 1684-ல் ஆங்கிலத்தில் வந்தது. சிறுவயதில் விற்கப்பட்ட கூலியாள்தான் இந்த மார்கன் என்று அதில் இருந்தது. நான் நல்ல குடும்பத்தவன், யாருக்கும் கூலியாளாக இருந்ததில்லை என்று லண்டன் பதிப்பாளர்கள் மேல் வழக்குப் போட்டு, 1685-ல் 200 பவுண்டு இழப்பீடு வாங்கினார்.

கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன். கவர்னரின் மருத்துவராக 1687-ல் ஜமைக்கா வந்து, தாவரங்களைச் சேகரித்தவர். பிற்காலத்தில் அவருடைய சேகரிப்புதான் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளம். மெலிந்த உடம்பு, வெளிறிய தோல், மஞ்சள் பாய்ந்த கண், முன்தள்ளிய வயிறு, இரவெல்லாம் குடி என்று மார்கனைப் பற்றிக் குறித்திருக்கிறார். 1688 ஆகஸ்ட் 25 அன்று மார்கன் இறந்தார்.

போர்ட் ராயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட மணல் திட்டின் நுனியில் இருந்த ஊர். குடிக்க ஒரு கிணறு கிடையாது, தண்ணீரை எதிர்க்கரையிலிருந்து படகில் கொண்டுவருவார்கள். ஆழமான கடல் கரையை ஒட்டியே இருந்ததால் பெரிய கப்பலும் நேராக வந்து அணையும். அதனால்தான் அந்த மணலில் மூன்று நான்கு மாடிச் செங்கல் வீடுகள் எழுந்தன, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

1692 ஜூன் 7, மதியத்துக்குச் சற்று முன். பாதிரியார் எம்மானுவேல் ஹீத் காலைப் பிரார்த்தனையை முடித்துவிட்டு, ஆட்சிக் குழுத் தலைவர் ஜான் வைட்டோடு சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பை மது அருந்திக்கொண்டிருந்தார். வைட் புகை பிடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில் தரை ஆடத் தொடங்கியது. அவர் விருந்துக்குப் போக வேண்டிய வீடு முதல் அதிர்விலேயே கடலுக்குள் போய்விட்டது. ஈர மணல் குலுங்கியதும் கூழாகி, வீடுகள் நின்ற நிலையிலேயே இறங்கின. ஊரில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குள். அன்று சுமார் 2,000 பேர் இறந்தார்கள், நோயில் பிறகு அதே அளவுக்கோ அதற்கு மேலோ இறந்தார்கள். மார்கனின் கல்லறை இருந்த இடுகாடும் கடலோடு போனது.

லூயி கால்டி என்ற பிரெஞ்சு வணிகரைப் பூமி விழுங்கியது. அடுத்த அதிர்வு அவரைக் கடலில் துப்பியது. நீந்திக்கொண்டிருந்தவரைப் படகு ஒன்று தூக்கியது. அதன் பிறகு 47 வருடம் வாழ்ந்தார், சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். இந்தக் கதை அவருடைய கல்லறைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. 1959-ல் கடலடியிலிருந்து ஒரு பித்தளைக் கடிகாரம் எடுத்தார்கள். முட்கள் அரித்துப் போயிருந்தாலும், எக்ஸ்ரேயில் 11 மணி 43 நிமிடம் என்ற தடம் தெரிந்தது.

ஊர் அழிந்ததால் கொள்ளையர் காலம் முடிந்தது என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நிலநடுக்கத்துக்கு முன்பே தீவு மாறத் தொடங்கிவிட்டது. 1670 வாக்கில் 60-க்கும் குறைவாக இருந்த சர்க்கரைத் தோட்டங்கள் 1684-ல் 200-ஐத் தாண்டின. சர்க்கரையைக் கப்பலில் அனுப்புகிறவனுக்குக் கடலில் அமைதி வேண்டும். 1681-ல் ஜமைக்காவே கொள்ளையருக்கு எதிராகச் சட்டம் போட்டது. 1666-ல் எழுதிய கணக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மாறிய கணக்கில் மாட்டியவர் ஜான் ராக்கம், காலிகோ ஜாக் என்று பேர் வாங்கியவர். மார்கன் கொண்டுவந்ததோடு ஒப்பிட்டால் இவர் எடுத்தது ஒன்றுமே இல்லை. மீன்பிடி படகுகள், சிறு வணிகக் கப்பல்கள், சில வலைகள். 1720 ஆகஸ்டில் பகாமாஸ் தீவுகளின் நசாவிலிருந்து ஒரு சிறு கப்பலைத் திருடிக்கொண்டு கிளம்பினார். கூட இருந்தவர்களில் இருவர் பெண்கள், ஆன் பானி, மேரி ரீட். அக்டோபரில் ஜமைக்காவின் மேற்குமுனை நெக்ரிலில் ஜோனதன் பார்னெட் அவர்களைப் பிடித்தார். கவர்னர் நிக்கோலஸ் லாஸ் தலைமையில் அன்றைய தலைநகர் ஸ்பானிஷ் டவுனில் விசாரணை. நவம்பர் 18 அன்று போர்ட் ராயலின் தூக்குமேடை முனையில் ராக்கமைத் தூக்கிலிட்டு, உடலைத் துறைமுக வாயிலில் ஒரு சிறு திட்டில் கூண்டில் தொங்கவிட்டார்கள். அந்தத் திட்டுக்கு இன்றும் ராக்கம் கே என்றுதான் பெயர்.

பெண்கள் வழக்கில் டாரதி தாமஸ் என்பவரின் சாட்சியம் முக்கியம். படகில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவரை இவர்கள் மறித்திருக்கிறார்கள். இருவரும் ஆண்களின் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டு, தலையில் துணி கட்டி, கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள், மார்பைப் பார்த்துத்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டேன், நான் சாட்சி சொல்லாமலிருக்க என்னைக் கொல்லச் சொல்லி அவர்கள்தான் ஆண்களை வற்புறுத்தினார்கள் என்றார் அவர். இந்த இருவரைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கும் காதல் கதைகளும் வீர வசனங்களும் 1724-ல் வந்த ஒரு புத்தகத்திலிருந்து வந்தவை. விசாரணைப் பதிவில் அவை கிடையாது.

அதே வழக்கின் தொடர்ச்சியாக வந்த இன்னொரு விசாரணைதான் என்னை அதிகம் உலுக்குவது. பிடிபட்ட அன்று, ஆமை பிடிக்கப் படகில் வந்த ஒன்பது பேரை ராக்கம் ஒரு கோப்பை பஞ்ச் (கலவை மது) குடிக்கலாம் வாருங்கள் என்று அழைத்தார். ஏறினார்கள். சில மணி நேரத்தில் பார்னெட் வந்துவிட்டார். 1721 தொடக்கத்தில் அந்த ஒன்பது பேரும் கொள்ளையரோடு சேர்ந்தவர்கள் என்று விசாரிக்கப்பட்டார்கள். ஆறு பேரைத் தூக்கில் போட்டார்கள். பனாமாவை எரித்தவருக்குச் சர் பட்டம் கொடுத்து ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. மார்ச் மாதம் ராக்கமின் பழைய தலைவர் சார்லஸ் வேனுக்கும் அதே முனையில் அதே முடிவு.

கடைசியாக மலை மக்களுக்கு வருகிறேன். லுபோலோவின் சமரசத்தை ஏற்காதவர்களோடு, தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் வருடா வருடம் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மரூன்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஸ்பெயினிடமிருந்து தீவைக் காப்பாற்றிக்கொண்ட ஆங்கிலேயரால் இவர்களை வெல்ல முடியவில்லை. 1739-ல் மரூன் தலைவர் கட்ஜோவோடு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. நிலமும் விடுதலையும் கிடைத்தன, ஆனால் இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்ற கசப்பான நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. கிழக்கு மலையில் போராடிய நானி என்ற பெண் தலைவிதான் இன்று ஜமைக்காவின் தேசிய வீரர்களில் ஒரே பெண். 500 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது.

ராக்கமோடு பிடிபட்ட ஆன் பானியும் மேரி ரீடும் கர்ப்பமாக இருக்கிறோம் என்று சொன்னதால் தூக்கு தள்ளிப்போனது. மேரி சிறையிலேயே இறந்தார். செயின்ட் கேத்தரின் தேவாலயப் பதிவேட்டில் 1721 ஏப்ரல் 28 அன்று அவரைப் புதைத்ததாக ஒரு வரி இருக்கிறது. ஆன் பானியைத் தூக்கிலிட்டதாகவும் பதிவில்லை, விடுவித்ததாகவும் பதிவில்லை.